கம்மாபுரத்தைச் சுற்றி ஆயிரமாண்டு ஊர்கள்

பிரான்சு நாட்டுப்புறத்தில் நடுக்கால ஊர்களைத் தேடிப் போகிறவர்களுக்கு வேலை எளிது. அங்கே வீடே கல். தெருவும் கல், மதிலும் கல். கான்க் போன்ற ஒரு மலையூரில் கால் வைத்ததும் எண்ணூறு ஆண்டுப் பழமை கண்ணில் பட்டுவிடும். அப்படிப்பட்ட ஊர்களைக் காப்பதற்கென்றே 1982இல் ஒரு சங்கம் தொடங்கி, 'பிரான்சின் மிக அழகிய ஊர்கள்' என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள்.

விருத்தாசலத்திலிருந்து கிழக்கே சேத்தியாத்தோப்பை நோக்கிப் போகும் சாலையில் கம்மாபுரம் வருகிறது. ஒன்றிய அலுவலகம், கடைத்தெரு, டீக்கடை, சுற்றிலும் வயல். பழமையைத் தேடி வருகிறவர் இறங்காமலே போய்விடக்கூடிய ஊர். ஆனால் இங்கிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய வட்டத்துக்குள் 935ஆம் ஆண்டுக் கற்றளி இருக்கிறது. பராந்தக சோழன் வெட்டிய ஏரி இன்றும் தண்ணீரோடு இருக்கிறது. ஒரு இளவரசனைக் கொன்றவர்களின் பெயர் பொறித்த சுவர் இருக்கிறது. இரண்டரை நூற்றாண்டு தலைநகராக இருந்துவிட்டு வயலாகிப்போன ஒரு மாநகரமும் இருக்கிறது. பிரான்சின் நடுக்கால ஊர்களுக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல இந்த வட்டாரம். பார்க்கும் முறைதான் வேறு.

சோழர் காலத்தில் கல் சாமிக்கு. மனிதருக்கு மண்சுவர், மரம், கூரை. அரசனுக்கே செங்கல்லும் ஓடும்தான். கூரை வீடு பத்துப் பதினைந்து மழைக்காலம் தாங்கும். பிறகு சுவர் கரைந்து அதே மண்ணாகும். அந்த மேட்டிலேயே அடுத்த வீடு எழும். ஆகவே ஆயிரம் ஆண்டுப் பழமையான வீட்டை இங்கே தேடுவது வீண். ஆனால் அந்த ஊர் மூன்று பொருள்களில் தன்னை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறது. ஒன்று கல்லில் வெட்டிய எழுத்து. இரண்டு சுட்ட மண். மூன்று தண்ணீர் ஓடும் வழி. இந்த மூன்றையும் படிக்கக் கற்றுக்கொண்டால் கடலூர் மாவட்டத்து வயல்வெளி முழுவதும் ஒரு பழைய ஆவணக் கிடங்கு என்பது புரியும்.

முதலில் எழுத்தைப் பார்ப்போம். விருத்தாசலத்துக்கும் சேத்தியாத்தோப்புக்கும் இடைப்பட்ட வட்டாரத்தில் எறும்பூர் என்று ஒரு சிற்றூர். கல்வெட்டில் அதன் பெயர் உறுமூர். அங்கே உள்ள கடம்பவனேசுவரர் கோயிலைக் கல்லால் எடுப்பித்தவன் இருங்கோளன் குணவன் அபராஜிதன் என்ற சிற்றரசன். காலம், முதலாம் பராந்தக சோழனின் 28ஆம் ஆட்சியாண்டு. சிறிய கோயில். ஆனால் பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதிச் சோழர் கலையைப் பேசும் நூல்கள் இதை விடுவதில்லை.

கல்வெட்டு 28ஆம் ஆட்சியாண்டு என்றுதான் சொல்கிறது. 935 என்று சொல்வதில்லை. சோழர் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை இப்படித்தான். மன்னன் பெயர், அவன் பட்டம் ஏறி இத்தனையாவது ஆண்டு, அவ்வளவுதான். அவன் எந்த ஆண்டு பட்டம் ஏறினான் என்று தெரியாவிட்டால் ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளும் நங்கூரம் இல்லாமல் மிதக்கும். நங்கூரத்தைக் கொடுத்தது இந்த வட்டாரத்திலிருந்து வடக்கே, தென்பெண்ணைக் கரையில் 'கிராமம்' என்ற பெயரிலேயே இருக்கும் ஓர் ஊர்.

அங்குள்ள சிவன் கோயிலைக் கல்லால் கட்டியவன் வெள்ளன் குமரன். மலைநாட்டுக்காரன், அதாவது கேரளத்தவன்; பராந்தகனின் மகன் இராஜாதித்தனிடம் படைத்தலைவனாக இருந்தவன். பராந்தகனின் 36ஆம் ஆண்டில் அவன் வெட்டி வைத்த கல்வெட்டில் கலியுகம் தொடங்கியதிலிருந்து எத்தனையாவது நாள் என்று ஒரு எண் இருக்கிறது: 14,77,037. கூடவே சனிக்கிழமை, ரேவதி நட்சத்திரம். நாள்களை இப்படி ஒட்டுமொத்தமாக எண்ணும் வழக்கம் வானியல் கணக்கர்களுடையது. கேரளத்தில் அது வலுவாக இருந்தது. தன் நாட்டு வழக்கத்தை அந்தப் படைத்தலைவன் பெண்ணைக் கரைக்குக் கொண்டுவந்திருக்கிறான் என்று நினைக்கத் தோன்றுகிறது.

இந்த எண்ணை நீங்களே சோதிக்கலாம். கலியுகத்தின் முதல் நாள் வெள்ளிக்கிழமை என்பது மரபுக் கணக்கு. 14,77,037ஐ 7ஆல் வகுத்தால் மீதி 2. முதல் நாள் வெள்ளி என்றால் இரண்டாம் நாள் சனி. கல்வெட்டும் சனி என்கிறது. மேல்நாட்டுக் காலண்டருக்கு மாற்றினால் அது 943ஆம் ஆண்டு ஜனவரி 14. அன்று நிலா எங்கே இருந்தது? அமாவாசைக்கும் அமாவாசைக்கும் இடையே சராசரியாக 29.53 நாள். இந்தக் கணக்கில் பின்னோக்கிப் போனால், அன்று அமாவாசை கழிந்து ஏறத்தாழ ஐந்து நாள் ஆகியிருக்கிறது. சூரியன் மகர ராசியின் பின்பகுதியில். அங்கிருந்து ஐந்து நாள் நிலா நகர்ந்தால் ரேவதிக்குத்தான் வந்து சேரும். ஆயிரத்து எண்பது ஆண்டுக்கு முன் ஒரு கல்தச்சன் வெட்டிய வரியை வானத்து நிலா இன்றும் சரி என்று சொல்கிறது. அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த தருணங்களில் இது ஒன்று.

ஜெர்மானிய அறிஞர் கீல்ஹார்ன் இந்தக் கணக்கைப் போட்டார். 943 ஜனவரி 36ஆம் ஆண்டுக்குள் வருகிறது என்றால் பராந்தகன் பட்டம் ஏறியது 907. அதை வைத்து எறும்பூர் கோயில் 935க்கு வந்தது. உத்தரமேரூரின் புகழ்பெற்ற குடவோலைக் கல்வெட்டுகள் 919, 921க்கு வந்ததும் இந்த 907ஐ வைத்துத்தான். பிற்காலக் கல்வெட்டுகளில் திதி, நட்சத்திரம், கிழமை மூன்றும் சேர்ந்து வரும். அவற்றைச் சரிபார்ப்பதற்கென்றே எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை பெரும் பஞ்சாங்கம் ஒன்றைக் கணித்து வெளியிட்டார். கணினி இல்லாத காலத்தில், கையால் போட்ட கணக்கு. தமிழ்நாட்டு வரலாற்றின் ஆண்டுகள் பெரும்பாலும் இவர்களின் தோளில்தான் நிற்கின்றன.

கல்லிலிருந்து எழுத்தைக் காகிதத்துக்குக் கொண்டுவருவதும் அழகான வேலை. சுவரைத் துடைத்துத் தூய்மையாக்கி, ஈரக் காகிதத்தை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் காகிதத்தை இறக்குவார்கள். பிறகு மை தோய்த்த பொதியால் மேலே ஒற்றுவார்கள். மேட்டில் மை பிடிக்கும், பள்ளத்தில் பிடிக்காது. காய்ந்ததும் உரித்தால் கறுப்புப் பரப்பில் வெள்ளை எழுத்து. இதுதான் மைப்படி. 1886இல் ஹூல்ட்ஷ் அரசுக் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்றதிலிருந்து இந்த வேலை ஊர் ஊராக நடந்துவருகிறது. படித்தெடுப்பது அடுத்த சிரமம். சோழர் கால எழுத்தில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி கிடையாது. எகர ஏகார வேறுபாடும் கிடையாது. சூழலை வைத்துத்தான் சொல்லைப் பிடிக்க வேண்டும்.

எழுத்து என்ன சொல்கிறது என்பதற்குக் காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக்குப் போக வேண்டும். சோழர் காலத்தில் அந்த ஊர் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம். நாதமுனிகள் பிறந்த ஊரும் அதுவே. அங்குள்ள அனந்தீசுவரர் கோயிலில் முதலாம் இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அவனுடைய அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்களை அது சொல்கிறது. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரம்மாதிராஜன் என்றும் பரமேசுவரனுக்கு இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன் என்றும் பட்டங்கள். அதாவது கொலையாளிகள் வெளியாட்கள் இல்லை, அரசுப் பட்டம் பெற்ற அதிகாரிகள். அவர்கள் சொத்தையும் உறவினர் சொத்தையும் பறிமுதல் செய்யச் சொல்லி மன்னன் ஊர்ச்சபைக்கு ஓலை அனுப்புகிறான்.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்கள் இந்த இடத்தில் கொலையைத்தான் நினைப்பார்கள். எனக்கு வியப்பாக இருப்பது வேறு. அந்தக் கல்வெட்டு உண்மையில் ஒரு நிலப்பத்திரம். பறிமுதலான நிலத்தைப் பின்னால் ஒருவர் விலை கொடுத்து வாங்கி அறக்கட்டளையாக வைத்தார். வில்லங்கம் இல்லாத நிலம் என்பதைக் காட்ட அது எப்படிக் கைமாறியது என்று எழுத வேண்டியிருந்தது. ஒரு பேரரசின் பெரிய மர்மத்துக்கு நமக்குக் கிடைத்திருக்கும் முதன்மையான சான்று, ஒரு ஊர்ச்சபையின் பத்திரப்பதிவு ஒழுங்கால் கிடைத்தது.

நிலக்கணக்கில் அவர்களுக்கு இருந்த கண்டிப்பு அசாத்தியமானது. இராஜராஜன் காலத்தில் 1001ஐ ஒட்டி நாடு முழுவதும் நிலம் அளந்தார்கள். வேலி, மா, காணி, முந்திரி என்று இறங்கும் அளவுகளில் முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. அதற்கும் கீழே கீழ்முந்திரி, அதற்கும் கீழே இன்னும் பின்னங்கள். தஞ்சைக் கல்வெட்டுகளில் ஒரு வேலியின் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை கணக்கு இறங்குகிறது. வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர் என்று வைத்துக்கொண்டால் அந்தப் பங்கு அரை சதுர மில்லிமீட்டர். அதை யாரும் கோலால் அளந்திருக்க முடியாது. வரியைப் பங்கு பிரிக்கும்போது மீதி விடாமல் வகுத்த கணக்கர்களின் வேலை அது.

இந்தக் கல்வெட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தால் தானமும் விளக்கும்தான் தெரியும். மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால் ஊர் தெரியும். ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா கல்வெட்டுகளைப் புள்ளிவிவரமாக மாற்றி, யாரிடம் நிலம் இருந்தது, எப்போது கைமாறியது என்று கணக்கெடுத்தார். எ. சுப்பராயலு கல்வெட்டில் வரும் ஊர்ப்பெயர்களை இன்றைய வரைபடத்தில் ஒவ்வொன்றாகக் குறித்து, சோழர் கால நாடுகளின் எல்லையை வரைந்தார். பழைய ஊர்ப்பெயர் இன்றும் வழங்கிவருவதால்தான் அது முடிந்தது. கம்மாபுரம் பக்கத்து வரைபடத்தைப் பாருங்கள். நெய்வேலிக்கு அருகே கங்கைகொண்டான் என்று ஒரு பேரூராட்சி. அதே வட்டாரத்தில் மும்முடிச்சோழகன் என்று ஒரு கிராமம். ஒன்று இராஜேந்திரனின் பட்டம், மற்றொன்று இராஜராஜனின் பட்டத்தை நினைவூட்டுவது. பேருந்துப் பலகையிலும் ரேஷன் அட்டையிலும் இப்பெயர்கள் இன்றும் எழுதப்படுகின்றன.

அடுத்தது சுட்ட மண். இதைச் சொல்ல விருத்தாசலத்தைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. அகல்விளக்கு, பொம்மை, மின்சாரத்துக்கான பீங்கான் ஃபியூஸ் கட்டை என்று செராமிக் தொழில் பல பத்தாண்டுகளாக நடக்கும் ஊர். செராமிக் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுக் கல்வி நிறுவனமும் இருக்கிறது. பக்கத்தில் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேல் இருக்கும் அடுக்குகளில் வெள்ளைக் களிமண் கிடைக்கிறது.

களிமண்ணில் இரண்டு வகைத் தண்ணீர் உண்டு. ஒன்று துகள்களுக்கு இடையே இருப்பது. வெயிலில் வைத்தால் போய்விடும், நனைத்தால் திரும்ப வரும். வெயிலில் காய்ந்த சுவர் மழையில் கரைவது அதனால்தான். மற்றொன்று களிமண் படிகத்தின் உள்ளேயே கட்டுண்டு இருப்பது. சூளையில் வெப்பம் 450 டிகிரி செல்சியஸைத் தாண்டி 600ஐ நெருங்கும்போது அது வெளியேறுகிறது. படிக அடுக்கே குலைந்துபோகிறது. அதன்பின் எத்தனை மழை பெய்தாலும் அந்த மண் பழையபடி சேறாவதில்லை. குடிசை கரைந்தாலும் அதற்குள் உடைந்த சட்டியின் ஓடு ஆயிரம் ஆண்டு கழித்தும் உழவின்போது கொழுமுனையில் தட்டுப்படும். ஊர் இருந்த இடத்தைக் காட்ட அந்த ஓட்டைவிட நம்பகமான சாட்சி இல்லை.

அந்த ஓடு தன் வயதையும் சொல்லும். களிமண்ணில் கலந்துள்ள குவார்ட்ஸ் மணல்துகள்கள், சுற்றியுள்ள மண்ணின் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றிலிருந்து வரும் கதிர்வீச்சைச் சிறுகச் சிறுகச் சேமிக்கின்றன. படிகத்தின் குறைபாடுகளில் எலக்ட்ரான்கள் சிக்கிக்கொள்கின்றன. சூளையில் சுட்டபோது அந்தச் சேமிப்பு முழுவதும் வெளியேறி, கணக்கு பூஜ்யமாகிவிடும். அன்றிலிருந்து மறுபடி சேரத் தொடங்கும். ஆய்வகத்தில் அந்த ஓட்டை மறுபடி சூடாக்கினால், சிக்கிய எலக்ட்ரான்கள் விடுபட்டு மங்கிய ஒளியாக வெளிவரும். ஒளி எவ்வளவு என்று அளந்தால், கடைசியாக அடுப்போ சூளையோ கண்டது எப்போது என்று கணக்கிடலாம். வெப்ப ஒளிர்வு முறை என்று இதற்குப் பெயர். பத்து விழுக்காடு அளவுக்குப் பிழை வரலாம். ஆனாலும் எழுத்தே இல்லாத ஒரு ஊருக்கு அது பெரிய வரம்.

நிறமும் பேசும். மண்ணில் உள்ள இரும்பு, காற்று நிறைய இருந்தால் சிவக்கும். காற்று இல்லாவிட்டால் கறுக்கும். கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால் உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. அப்படிப்பட்ட ஓடு கிடைத்தால் அந்த ஊர் பிற்காலச் சோழருக்கும் முந்தியது. சோழர் தலைநகரமாக இருந்த கங்கைகொண்ட சோழபுரத்தின் மாளிகைமேட்டில் அகழ்ந்தபோது செங்கல் சுவரோடும் கூரை ஓட்டோடும் சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. அவற்றில் இளம்பச்சை மெருகு கொண்ட செலடான் வகையும் உண்டு. அந்தப் பச்சையும் இரும்பின் வேலைதான். காற்றைக் குறைத்து, 1,200 டிகிரிக்கு மேல் சுட்டால் மெருகில் உள்ள இம்மியளவு இரும்பு பச்சை தரும். கடல் கடந்து போன சோழ வணிகத்தின் ரசீதுகள் என்று அத்துண்டுகளைச் சொல்லலாம்.

அந்தத் தலைநகரத்தின் கதி வேதனையானது. இராஜேந்திரன் எழுப்பிய மாநகரம், 1279இல் சோழர் ஆட்சி முடியும்வரை தலைநகரம். மாளிகைச் செங்கல்லை மக்கள் எடுத்துப் போனார்கள். 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது பெரிய கோயிலின் மதில் கல்லையும் பெயர்த்து எடுத்துப் போனார்கள். பிரான்சிலும் இதே கதை உண்டு. நடுக்கால ஐரோப்பாவின் மிகப் பெரிய தேவாலயமாக இருந்த குளூனியை, புரட்சிக்குப் பிறகு 1798 முதல் கல்லுக்காக உடைத்து விற்றார்கள். இன்று அங்கே நிற்பது அதன் சிறு பகுதிதான். நமக்குக் கோயில் மிஞ்சியது பெரிய பேறு. 2004 முதல் அது உலகப் பாரம்பரியச் சின்னம்.

மூன்றாவது, தண்ணீர். சேத்தியாத்தோப்பிலிருந்து காட்டுமன்னார்கோயிலுக்குப் போகும் சாலை வீராணம் ஏரிக்கரையோடு போகிறது. மேற்கே மேட்டுநிலம், கிழக்கே கடலை நோக்கிய சரிவு. ஆகவே கிழக்குப் பக்கம்தான் நீண்ட கரை.  பராந்தகனின் வீரநாராயணன் என்ற பட்டமே இந்த ஏரிக்குப் பெயர். இன்று அதன் கொள்ளளவு 1.465 டி.எம்.சி.; அதாவது நாலு கோடி கன மீட்டருக்கும் மேல். கொள்ளிடத்துத் தண்ணீர் வடவாறு வழியாக வந்து சேர்கிறது. 2004 முதல் இங்கிருந்து குழாய் வழியாகச் சென்னைக்குக் குடிநீர் போகிறது. சென்னையில் குழாயைத் திறக்கும் பலருக்கு, பத்தாம் நூற்றாண்டின் கரை ஒன்றுதான் அந்தத் தண்ணீரைத் தேக்கித் தருகிறது என்று தெரியாது.

ஏரி கட்டுவதில் கரை எழுப்புவது பாதி வேலை. கரையை உடைக்காமல் தண்ணீரை வெளியே விடுவதுதான் நுட்பம். மூன்று மீட்டர் ஆழத்தில் தண்ணீர் ஒவ்வொரு சதுர மீட்டரையும் மூன்று டன் எடையோடு அழுத்துகிறது. அந்த ஆழத்தில் ஒரு துளை விழுந்தால் தண்ணீர் வினாடிக்கு 7.7 மீட்டர் வேகத்தில் பீறிடும். மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர். மண்கரையை அரித்துக் கொண்டுபோக அது தாராளம். இதற்குத் தமிழ்நாட்டு ஏரிகளில் அக்காலத்தார் கண்ட விடை குமிழித் தூம்பு.

கரையிலிருந்து விலகி, ஏரிக்குள்ளே தரையில் ஒரு கல்தொட்டி. அதிலிருந்து கரைக்கு அடியே வயல் வரை மூடிய கல் கால்வாய். தொட்டியின் மூடுகல்லில் ஒரு வட்டத் துளை. அதை அடைக்கக் கல்லாலான குழவி. குழவியைத் தூக்கி இறக்க, இரண்டு கல்தூண்களுக்கு நடுவே செங்குத்தாக ஒரு தண்டு. இப்படி வைத்தால் தண்ணீரின் வேகம் கரையைத் தொடுவதே இல்லை. துளை ஒரு சாண் அகலத்துக்குள் இருப்பதால் விசையும் கட்டுக்குள் வருகிறது. பதினைந்து சென்டிமீட்டர் விட்டத் துளையின் மேல் மூன்று மீட்டர் தண்ணீர் அழுத்துவது ஏறத்தாழ 53 கிலோ. இரண்டு ஆள் சேர்ந்தால் தூக்கிவிடலாம். பெரிய ஏரியின் கதவை எந்திரமில்லாமல் மனிதக் கையால் திறக்க முடிந்ததற்குக் காரணம் இந்தக் கணக்குதான். அடியில் சிறு துளைகளும் வைத்தார்கள். மேல்துளை நீரோடி, கீழ்த்துளை சேறோடி. தண்ணீர் இழுக்கும் வேகத்தில் அடியில் படிந்த வண்டலும் சேர்ந்து வயலுக்குப் போகும். ஏரி தூர்வது குறையும், வயலுக்கு உரமும் ஆயிற்று.

வண்டல் முழுவதும் போகாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதனால் தூர்வாருவதற்கு ஏரி வாரியம் என்ற குழு, அதற்கு ஆண்டுதோறும் தேர்தல், செலவுக்கு ஏரிப்பட்டி என்ற நிலம். ஏரி மீன் குத்தகையான பாசிப்பாட்டத்தை ஏரிக்கே செலவிட்ட ஊர்கள் உண்டு. வண்டல் அள்ள ஓடம் வைத்துக்கொள்ள அறக்கட்டளை வைத்தவர்களும் உண்டு. பொறியியலோடு பராமரிப்புக்குப் பணமும் ஆளும் சேர்த்துத் திட்டமிட்டார்கள். நம் காலத்து ஏரிகள் தோற்பது பொறியியலில் இல்லை, இந்த இரண்டாவதில்தான்.

விருத்தாசலத்தைச் சொல்லாமல் இந்த வட்டாரத்தை முடிக்க முடியாது. மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயில். பெயரில் மலை இருக்கிறது, கண்ணுக்கு மலை இல்லை. அது மண்ணுக்குள் அமிழ்ந்துவிட்டது என்பது தலபுராணம். மண்ணியலார் வேறொன்றைச் சொல்வார்கள். 1860களில் பிளான்ஃபோர்ட் தென்னிந்தியாவில் டைனோசர் காலத்துக் கடலடிப் படிவங்கள் உள்ள மூன்று பகுதிகளைக் குறித்தார்; திருச்சி, புதுச்சேரியோடு மூன்றாவதாக விருத்தாசலம். இந்தச் சமவெளியில் உழுபவரின் காலுக்குக் கீழே ஒரு காலத்தில் கடல் இருந்தது.

தேவார மூவரும் பாடிய இக்கோயிலைக் கற்றளியாக்கியவர் செம்பியன் மாதேவி. கண்டராதித்தனின் மனைவி, உத்தம சோழனின் தாய். செங்கல் கோயில்களைக் கல்லாக மாற்றுவதையே வாழ்நாள் பணியாகச் செய்தவர். திருக்கோடிக்காவில் கோயிலைப் புதுப்பித்தபோது, பழைய சுவரில் இருந்த கல்வெட்டுகளை ஒன்றுவிடாமல் புதுச் சுவரில் படியெடுத்து வெட்ட வைத்திருக்கிறார். பத்தாம் நூற்றாண்டிலேயே ஆவணப் பாதுகாப்பு என்றால் என்ன என்று அறிந்த பெண்மணி. அவர் எழுப்பிய விருத்தாசலம் கோயில் பிற்காலத்தில் கோட்டையாகவும் பயன்பட்டது. 1751இல் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மோதிய கர்நாடகப் போரின்போது ராபர்ட் கிளைவ் இங்கே வந்துபோனதை ஆங்கிலேயப் போர்க்குறிப்புகள் சொல்கின்றன.

இன்னும் பார்க்க வேண்டியவை உண்டு. வெள்ளாறும் மணிமுத்தாறும் கூடும் கூடலையாற்றூர். நாயக்கர் காலத் தூண் சிற்பங்களுக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கோயில். அந்தப் பெருமாள் மாசி மகத்துக்குக் கிள்ளைக்குப் போகும்போது இஸ்லாமியர் எதிர்கொண்டு மரியாதை செய்யும் வழக்கம் இன்றும் நடக்கிறது. காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்தில் தேர் வடிவத்திலேயே எழுப்பிய மேலக்கடம்பூர்.

இந்த வட்டாரத்துக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நெய்வேலியில் நிலக்கரியை எடுக்க, அதன்மேல் உள்ள மண்ணை ஐம்பது மீட்டர், நூறு மீட்டர் என்று முழுவதும் அகற்ற வேண்டும். அப்படி அகற்றும்போது முதலில் போவது மேலே உள்ள ஒன்றிரண்டு மீட்டர்; நான் மேலே சொன்ன ஓடு, கல், வாய்க்கால் எல்லாம் இருப்பது அதில்தான். 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் சுரங்கப் பணிக்காக எந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. பயிருக்கும் மனைக்கும் இழப்பீடு பேசுகிறார்கள், பேச வேண்டும். ஆனால் மும்முடிச்சோழகன் போன்ற ஒரு ஊரின் ஆயிரமாண்டுப் பதிவுக்கு யாரிடம் இழப்பீடு கேட்பது? எந்த ஊரை எடுப்பதானாலும் அதற்கு முன் அதன் ஏரி, தூம்பு, கல்வெட்டு, ஓடு, தெருப்பெயர், வயல்பெயர் அனைத்தையும் தொல்லியல் துறை அளந்து பதிவு செய்திருக்க வேண்டும் என்பதைச் சட்டமாக்க வேண்டும். மின்சாரத்தின் விலையில் அதற்காகும் செலவு ஒரு பொருட்டே இல்லை.

சுரங்கம் இல்லாத ஊர்களிலும் இழப்பு நடக்கிறது. திருப்பணி என்ற பெயரில் மணல் பீய்ச்சிச் சுவரைத் தேய்த்து எழுத்தை அழித்த கோயில்கள் உண்டு. கல்வெட்டின் மேல் சுண்ணாம்பும் பெயிண்டும் பூசிய சுவர்கள் எத்தனையோ. ஏரிக்குள் நிற்கும் தூம்புத் தூண்களைத் துணி துவைக்கப் பெயர்த்துப் போட்டிருக்கிறார்கள்.

உங்கள் ஊர் ஏரியிலோ கோயிலிலோ எழுத்துள்ள கல் இருந்தால், தேய்க்காமல், எண்ணெய் தடவாமல், பெயிண்ட் அடிக்காமல் விடுங்கள். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது ஒரு படம் எடுங்கள். எழுத்து அப்போதுதான் தெளிவாகத் தெரியும். அந்தப் படத்தையும் இடத்தையும் மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கோ கடலூர் அரசு அருங்காட்சியகத்துக்கோ அனுப்புங்கள். மண்ணுக்கடியில் பழம்பொருள் கிடைத்தால் வட்டாட்சியர் மூலம் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது.